மூன்று சாண் உயரத்தில் சிட்டு

எங்கள் ஓடக்காட்டுப்புதூரில் மாடுகள் தரையை விட்டு மேலே எழும்பிய அதே வருடத்தில்தான், பக்கத்து வீட்டுச் சென்னியப்பண்ணனின் மகள் கௌசிகா மாட்டு டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்று சொன்னாள். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். மாடு மிதந்தால் மிதந்துவிட்டுப் போகட்டும், கைக்கு எட்டிய டாக்டர் சீட்டை யாராவது வேண்டாம் என்பார்களா?

நான் ஈஸ்வரி. இந்த ஊர்ப் பால் சொசைட்டியில் பதினாறு வருடமாகப் பால் டெஸ்ட் எடுக்கிறேன். யார் வீட்டு மாட்டுக்கு என்ன தீனி, யார் தண்ணீர் கலக்கிறார்கள், எந்த வீட்டில் புருசனும் பொண்டாட்டியும் சண்டை போட்டு மாட்டுக்குத் தவிடு வைக்க மறந்தார்கள் என்பதெல்லாம் எனக்குப் பாலைப் பார்த்தாலே தெரியும். வாய் நீளம் என்பார்கள் என்னை. சொல்லட்டுமே, நடந்ததை நடந்தபடி சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

டைல்ஸில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சொசைட்டித் தலைவர் முத்துக்குமரேசன் புது வீடு கட்டி மிச்சமான டைல்ஸை மாடு கட்டுகிற கொட்டகையில், அதாவது கட்டுத்தறியில், மாட்டுக்கடியில் பதித்தார். வெள்ளை வெளேரென்று அதில் மாடு நின்ற அழகைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் கருநீலத்தில் போட்டார், அதைப் பார்த்து அடுத்தவர் பூப்போட்டதாகப் போட்டார், மூன்றே மாதத்தில் ஊரில் டைல்ஸ் இல்லாத கட்டுத்தறி இல்லை என்றாகி, ஒவ்வொன்றுக்கும் பிளெக்ஸ் பேனர் வைத்துப் புதுமனை புகுவிழாவும் நடந்தது. மனுசர் வீடு என்றால் முதலில் மாட்டை உள்ளே விடுவது வழக்கம், மாட்டு வீட்டுக்கு யாரை முதலில் விடுவது? அரைநாள் குழம்பிவிட்டு, கடைசியில் தலைவரே சம்சாரத்தோடு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார். சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாட்டின் மேல் அவ்வளவு பிரியம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நானும் போட்டேன்.

மாடுகள் வழுக்கும் பயத்தில் நாலு காலையும் இறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. மேய்ச்சலுக்கு விட்டால் சேற்றுக் காலோடு வந்து டைல்ஸைக் கெடுக்கும் என்று யாரும் அவிழ்க்கவும் இல்லை. தீனி வந்தது, தண்ணீர் வந்தது, பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் வந்தது, வாலுக்கு ஷாம்பூ வந்தது. காலை மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. இப்படியே எட்டு மாதம் போய், வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் தலைவர் சம்சாரம் சாணி வழிக்கப் போனபோது, மாட்டுக்கு அடியில் துடைப்பம் தடையே இல்லாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. நாலு காலும் தரைக்கு நாலு விரல் மேலே இருந்தன. அந்தம்மா, "நல்லதாப் போச்சு, கூட்டறதுக்கு வசதி" என்று கூட்டி முடித்துவிட்டுத்தான் புருசனைக் கூப்பிட்டது.

ஒரு வாரத்துக்குள் ஊர் மாடுகள் அத்தனையும் எழும்பிவிட்டன. டிவிக்காரர்கள் வந்தார்கள், இரண்டு நாள் படம் பிடித்தார்கள், மாடுகள் அதற்கு மேல் ஒன்றும் செய்யாததால் போய்விட்டார்கள். நாங்கள் பழகிக்கொண்டோம். கறக்கிற பெண்களுக்கு இடுப்பு வலி போயிற்று, ஏனென்றால் மடி கைக்கு வாகாக மேலே வந்துவிட்டது. சாணி கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்து சேலையில் தெறித்தது, அதற்குப் பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டோம். சந்தைக்கு ஓட்டிப்போக வண்டி தேவைப்படவில்லை, கயிற்றைச் சுண்டுவிரலில் கோத்து இழுத்தால் மாடு காற்றிலேயே பின்னால் வந்தது. காற்றடிக்கிற ஆடியில் கயிற்றை இரட்டையாகக் கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் பெருமை வந்து சேர்ந்தது. எல்லா மாடும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை, சிலது அரைச் சாண், சிலது ஒன்றரை. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து, உயர நிற்பதுதான் உசந்த மாடு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கும் முன், "ஊட்டு மாடு எத்தன ஒசரமுங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இருக்கிறதிலேயே உயரம் சென்னியப்பண்ணனின் சிட்டு. மூன்று சாண்! செவலையில் வெள்ளை விழுந்த சிந்து மாடு, தளதளவென்று இருக்கும், அது மூன்று சாண் மேலே நின்று தலையைத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் கும்பிடத்தான் தோன்றும். அண்ணன் அதற்குத் தினம் ஒரு சாமந்தி மாலை போட்டார். அந்த நேரம் பார்த்துக் கௌசிகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வந்தது, கட்-ஆப் நூற்றித் தொண்ணூற்றி நாலு. சீட்டு நிச்சயம் என்று யாரோ சொல்ல, அண்ணன் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்துவிட்டார். மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, "வருங்கால கால்நடை மருத்துவர்" என்று போட்டு, கீழே பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று இருபத்தேழு தலைகள். சீட்டே இன்னும் கைக்கு வரவில்லை, கவுன்சிலிங்குக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு எதற்குத்தான் பொறுமை இருந்தது?

சொசைட்டியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் முதலில் உறைத்தது. பால் இறங்கிக்கொண்டே வந்தது. இருபது லிட்டர் கறந்தது பதினாலு, பதினாலு பத்து, சத்தும் சரியில்லை. சொன்னால், "வெயிலுங் ஈஸ்வரி" என்றார்கள். மழை பெய்தபோதும் வெயில் என்றார்கள். கடைசியில் நானே மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஷகிலாம்மாவுக்குப் போன் போட்டேன்.

அந்தம்மா வந்து, நாலைந்து மாட்டைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, மடியை அழுத்திப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது. "மேல நிக்கறதுக்கு என்கிட்ட மருந்தில்லைங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். இதுக எத்தனை நாளா படுக்காம நிக்குது?"

சத்தியமாக யாருமே கவனிக்கவில்லை. காற்றில் நிற்கிற மாடு எதன் மேல் படுக்கும்?

"பாதி நாள் படுத்து அசை போட்டாத்தான் மாடு மாடா இருக்கும். எல்லாத்துக்கும் குளம்பு எப்படி வளர்ந்து கெடக்குது பாருங்க, செருப்பு மாதிரி முன்னால வளைஞ்சு. அதை வெட்டிச் சீவி சமமாக்கணும். எனக்குப் பதினேழு ஊரு, ஒரே ஒரு கம்பவுண்டர். இதுக்குன்னே ஒருத்தர் வேணும்." இதைக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்கள், "அதெல்லாம் இருக்கட்டும், ஒரு ஊசி போட்டுட்டுப் போங்கம்மா" என்றார்கள். ஊசி போடாவிட்டால் டாக்டர் வந்ததாகவே கணக்கில்லை அல்லவா, பாவம், ஆளுக்கொரு சத்து ஊசி போட்டுவிட்டுப் போனது.

கௌசிகா மட்டும் டாக்டரம்மா போன பிறகும் மாடுகளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரீட்சை முடிந்த லீவில் தாராபுரம் ரோட்டிலிருக்கிற ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தாள், டாக்டர் படிப்புக்கு உதவும் என்று அண்ணன்தான் அனுப்பினார். அங்கே மகாராஷ்டிராவிலிருந்து வந்த ஒரு பெண் நாள் முழுக்க மாட்டுக் குளம்பு மட்டும் வெட்டுமாம். நொண்டிக்கொண்டு வருகிற மாடு திரும்பிப் போகும்போது நடக்கிற நடையைப் பார்த்து இவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம். பாஷை தெரியாமலேயே அந்தப் பெண்ணிடம் பழகி, நுனி வளைந்த கத்தியும் ஒரு அரமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்த, உங்க கருவாச்சிக்கு ஒருதரம் பண்ணிப் பாக்கட்டுமா?" என்று அன்று மத்தியானம் என்னிடம் வந்து கேட்டாள். கருவாச்சி அரைச் சாண்தான் எழும்பியிருந்தது. இழக்கப் பெரிய கௌரவம் எனக்கு ஒன்றும் இல்லை.

லேசான வேலையா அது? மிதக்கிற மாட்டின் காலில் கத்தியை வைத்து அழுத்தினால் மாடு அப்படியே பின்னால் நகர்ந்து போகிறது. தூணோடு சேர்த்துக் கட்டி, நான் காலைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவள் சீவினாள். குளம்பு சீவல் சீவலாக விழுந்தது. அழுகல் நாற்றம் அடித்தது. ஒரு பிளவில் சுண்டுவிரல் நகமளவு டைல்ஸ் துண்டு குத்திக்கொண்டு இருந்தது. ஒரு கால் முடிந்ததும் கருவாச்சி மொத்தமாக ஒரு விரல் இறங்கிற்று. இரண்டாவதில் இன்னொரு விரல். கீழே ஒரு வண்டி மண்ணைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தோம். நாலாவது காலில் மண்ணைத் தொட்டது. தொட்டதும் கொஞ்ச நேரம் என்னமோ யோசித்தது, முன்னங்காலை மடக்கிற்று, பின்னங்காலை மடக்கிற்று, படுத்து ஒரு மூச்சு விட்டது பாருங்கள். நாற்பத்தோரு நாள் மூச்சு. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூன்று நாள் கழித்துத் தலைவர் சொசைட்டிக்கு வந்து, எழவு விசாரிக்கிற குரலில், "ஏனுங் ஈஸ்வரி, உங்க மாடு எறங்கிருச்சாமா?" என்று கேட்டார். "எறங்கிருச்சுங்க, நாலு லிட்டர் ஏறிருச்சு" என்றேன். அவர் முகம் போன போக்கு! ஊரில் நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அந்த வாரத்திலேயே பின்வாசல் வழியாக ஒவ்வொருத்தியாகக் கௌசிகாவைக் கூப்பிட வந்துவிட்டார்கள். "அம்மிணி, சித்த வந்து பாரு, வெளிய மட்டும் சொல்லாத." பதினோரு மாடு இறங்கியது. கேட்டால், வேண்டுதல் வைத்தோம், சாமி இறக்கிவிட்டது என்றார்கள்.

இப்படி ஊர் முழுக்க மாட்டை இறக்கிக்கொண்டிருந்தவள் ஒரு காலையில் சோறு போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். டாக்டருக்குப் படிக்கவில்லை, இந்த வேலைதான் செய்யப்போகிறேன், அந்தப் பண்ணையில் ஆறு மாதம் இருந்து முழுசாகக் கற்றுக்கொண்டு வந்து இந்தச் சுற்று வட்டாரத்துக்கே குளம்பு பார்க்கப்போகிறேன் என்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்குத் தட்டு உருளுகிற சத்தம் கேட்டது.

"நான் எவன் காலையும் பிடிக்காம உன்னைய வளத்துனேன். நீ மாட்டுக் காலைப் பிடிச்சுப் பொழைக்கறதுக்கா?"

"டாக்டர் வேலை வேண்டாம்னு சொல்லலீங்கப்பா. அவிங்க வேலை பெருசு. நோவு வந்தா அவிங்கதான் வேணும். எனக்கு நோவு வர்றதுக்கு முன்னால அந்த மாட்டுகிட்ட இருக்கோணும்."

"படிச்சுட்டு வந்து அதையும் பண்ணு, யாரு வேண்டாங்கறா?"

"அஞ்சரை வருசம் கழிச்சு எனக்கும் பதினேழு ஊரு வந்துருமுங்கப்பா. டாக்டரம்மாவைப் பாத்தீங்கல்ல, குனியறதுக்கு அவிங்களுக்கு நேரமெங்க இருக்குது? எனக்குக் குனியற வேலைதான் புடிச்சிருக்குது."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அண்ணன் பேசினதுதான் நியாயமாகப் பட்டது. என் மாட்டை இறக்கிக்கொடுத்த பிள்ளை, அது டாக்டராகி நாலு பேர் மதிக்க வாழட்டுமே என்றுதான் நினைத்தேன். மதிப்பு என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தேன். படுக்க முடிகிறவர்களுக்குத்தான் யோசனையும் வரும் போலிருக்கிறது.

அண்ணன் மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. வசந்தாமணி அண்ணி இந்தப் பக்கம் புருசனிடமும் அந்தப் பக்கம் மகளிடமும் மாறி மாறி அழுது ஓய்ந்து போனது. நாலாம் நாள் கௌசிகா, "சரிங்கப்பா, போலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார். அவள் கத்தியையும் அரத்தையும் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, கூப்பிட வந்தவர்களையெல்லாம், "இல்லீங்க, நான் சென்னை போறேன்" என்று திருப்பி அனுப்பினாள். அந்த ஒரு மாதமும் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆகவில்லை.

சிட்டு மட்டும் யார் கையும் படாமல் மூன்று சாணில் நின்றது. அண்ணன் அதன் மேல் கத்தி படக்கூடாது என்று சொல்லியிருந்தார். இருபத்திரண்டு லிட்டர் கறந்தது ஆறு லிட்டருக்கு வந்துவிட்டது. நான் சொன்னதற்கு, "உன்ற மாடு எறங்கிருச்சுன்னு என்ற மாடும் எறங்கோணுமா?" என்று கேட்டார்.

கவுன்சிலிங்குக்கு முந்தின நாள் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஈரோட்டில் ரயில். அடுத்த பஸ் மத்தியானம், ரயில் போயே போயிருக்கும். ஆறரைக்கு நான் கட்டுச்சோற்றோடு வழியனுப்பப் போனேன். அண்ணன் கஞ்சி போட்ட வேட்டி சட்டையில், கௌசிகா மடிப்புக் கலையாத சுடிதாரில், நெஞ்சோடு அணைத்த சர்டிபிகேட் பையோடு. போகிற நேரத்தில் சிட்டுவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கட்டுத்தறிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

சிட்டுவின் தலை தொங்கிக் கிடந்தது. காற்றில் நின்ற நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின. தண்ணீர்த் தொட்டி அதற்கு எட்டாமல் கீழே இருந்தது. அண்ணன் வாளியைத் தூக்கி மூஞ்சிக்கு நேரே பிடித்தார், அது வாய் வைக்கவில்லை. கௌசிகா பின்னங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொதிக்குதுங்கப்பா" என்றாள்.

அண்ணன் உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அந்தம்மா நாலு ஊர் தள்ளி கன்று போட முடியாமல் தவிக்கிற ஒரு மாட்டிடம் இருந்தது. "சாயங்காலம் வந்து ஊசி போடறேனுங்க. ஆனா குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கும், அதை இப்பவே திறந்துவிடணும். உங்க பொண்ணு பக்கத்துல இல்லீங்களா? அவளைச் செய்யச் சொல்லுங்க, மத்த வீட்டு மாடுகளைப் பார்த்தேன், நல்லாச் செஞ்சிருக்கா" என்றது. எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் கா மணி நேரம் இருக்குது" என்றார் அண்ணன், யார் முகத்தையும் பார்க்காமல். "ஒரு காலு மட்டும் பண்ணிரலாமா?"

அவள் பரணில் ஏறினது எனக்குத் தெரியாது, இறங்கினதும் தெரியாது, கத்தி வந்துவிட்டது. நான் மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூன்று சாண் உயரத்தில் காலைப் பிடிக்க வேறு வழியில்லை, அண்ணன் கஞ்சி போட்ட வேட்டியோடு கீழே உட்கார்ந்து, அந்தக் குளம்பைத் தன் மடியில் வாங்கி இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். ஏழு வருடமாக வளர்க்கிற மாட்டின் உள்ளங்காலை அன்றைக்குத்தான் அவர் பார்க்கிறார். அது கறுத்து, வெடித்து, நடுவில் சேறு போல ஒரு புள்ளி. கௌசிகா சீவிச் சீவி அந்தப் புள்ளியைக் கத்தி நுனியால் திறந்ததும் சீழ் பொலபொலவென்று அவர் வேட்டியில் கொட்டிற்று. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அண்ணன் முகத்தைத் திருப்பவில்லை.

"இதை வெச்சுட்டா இத்தன நாளு நின்னே, சாமி" என்றார். அப்புறம் வாய்விட்டு அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததை நான் பார்க்கவில்லை.

முதல் கால் முடிந்தது. சிட்டு முக்கால் சாண் இறங்கிற்று. அதே நேரம் பஸ் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. எங்கள் ஊர் பஸ் அப்படித்தான், தெரிந்தவர்கள் வருகிறார்கள் என்றால் வீட்டு வாசலிலேயே நிற்கும். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணா, டாக்டர் புள்ளையக் கூட்டிட்டு வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்று சத்தம் போட்டான். கௌசிகா எழுந்து கத்தியைத் துடைத்தாள். பையை எடுத்தாள். அவள் சொன்ன சொல்லை மீறுகிற பிள்ளை இல்லை.

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த காலை மெதுவாக விட்டுவிட்டு, அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தார்.

"இன்னும் மூணு காலு இருக்குது, தம்பி" என்றார் கண்டக்டரைப் பார்த்து. "நீ போ."

பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. கௌசிகா பையைக் கீழே வைக்கவும் மறந்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள், கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, கை மட்டும் ஆடவில்லை. அண்ணி ஓடி ஓடிக் கூடையில் மண் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிற்று. இரண்டாவது கால், மூன்றாவது கால். வாசலில் ஊர் கூடிவிட்டது, தலைவரும் வந்து நின்றார், மூன்று சாண் மாடு இறங்குவதை யாரும் கேலி பேசவில்லை. நாலாவது கால் முடிந்ததும் சிட்டு மண்ணில் நின்றது, நின்று தடுமாறிற்று, அண்ணன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். பிறகு அது படுத்தது. படுத்து வெகுநேரம் கழித்து அதன் தாடை மெல்ல அசைய ஆரம்பித்தது.

அண்ணன் அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வேட்டி துவைத்தாலும் தேறாது. மகளைப் பார்த்துக் கேட்டார்:

"நாளைக்கு யாரூட்டு மாடு, அம்மிணி?"